மண்ணை விற்ற மனிதர்!

வீடு கட்டுவதற்காகத் தெருவோரம் மணல் கொட்டி வைத்திருப்பார்கள். அதில் ஏறிக் குதித்து விளையாடாத பிள்ளைகளே கிடையாது. ஆனால், நமக்கு முன்பே இன்னொருவர் அந்த மணலைப் பார்த்து வைத்திருப்பார். அவர்தான் பூனையார்! முன்னங்காலால் சின்னதாக ஒரு குழி பறிப்பார். வந்த வேலையை முடிப்பார். மண்ணைத் தள்ளி மூடுவார். மூடிய இடத்தை ஒரு தடவை முகர்ந்து பார்ப்பார். பிறகு, ஒன்றுமே நடக்காதது போல வாலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

பூனைக்கு இந்தப் பழக்கத்தை யாரும் சொல்லித் தரவில்லை. பிறவியிலேயே வந்தது. தன் வாசனையை வைத்து எதிரிகள் தன்னைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக, அதன் முன்னோர்கள் பழகிக்கொண்டது என்கின்றனர் விஞ்ஞானிகள்.

சரி, மண்ணே இல்லாத வீட்டில் பூனை என்ன செய்யும்? பர்கூரில் ஜவுளிக்கடைத் தெருப் பக்கம் போய்ப் பாருங்கள். வீட்டை ஒட்டி வீடு, கடையை ஒட்டிக் கடை. வாசல் முழுக்க சிமென்ட், உள்ளே டைல்ஸ். ஓசூரில் இன்னும் மோசம். அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில் வளரும் பூனை, மண்ணைக் கண்ணாலேயே பார்த்திருக்காது. அது எங்கே போகும்? கதவின் பின்னால், கட்டிலின் அடியில், சில நேரம் அப்பாவின் செருப்பில்!

இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தவரின் கதைதான் இது. அவர் பெயர் எட்வர்ட் லோ. எல்லாரும் அவரை எட் லோ என்றே அழைத்தனர். அவர் பெரிய விஞ்ஞானி இல்லை. கடையில் மரத்தூள் விற்றவர்!

எட் லோ, அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், 1920ம் ஆண்டு ஜூலை 10ம் தேதி பிறந்தார். அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1929ல், அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி தாக்கியது. ஆலைகள் மூடப்பட்டன, வங்கிகள் திவாலாயின. லட்சக்கணக்கானோர் வேலை இல்லாமல் தெருவில் நின்றனர். அந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு காசின் அருமை நன்றாகவே தெரியும். எட் லோவும் அப்படி வளர்ந்தவர்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது அவர் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து பணியாற்றினார். போர் முடிந்ததும் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கசோபொலிஸ் என்ற சிறிய ஊருக்குத் திரும்பினார். அங்கே அவருடைய அப்பா ஒரு வியாபாரம் நடத்தி வந்தார். மகனும் அதில் சேர்ந்துகொண்டார்.

என்ன வியாபாரம் தெரியுமா? தொழிற்சாலைகளுக்கு மரத்தூள் விற்பது!

மரத்தூளுக்குத் தொழிற்சாலையில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் அப்பாவையோ, மாமாவையோ கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். எந்திரங்கள் ஓடும் இடத்தில் தரையில் ஆயில் சிந்தும். அதில் கால் வைத்தால் சர்ரென்று வழுக்கும். எந்திரத்தின் பக்கத்தில் வழுக்கி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால், ஆயில் கொட்டிய இடத்தில் மரத்தூளையோ மணலையோ தூவுவார்கள். அது ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கூட்டி அள்ளிவிடலாம். நெடுஞ்சாலை ஓரத்து மெக்கானிக் கடைகளிலும் இதைப் பார்க்கலாம்.

ஆனால், மரத்தூளில் ஒரு குறை உண்டு. ஆயில் ஊறிய மரத்தூள் சட்டென்று தீப்பிடித்துக்கொள்ளும். ஆகவே, தீப்பிடிக்காத ஒரு பொருளையும் லோ குடும்பத்தினர் விற்று வந்தனர். அது, சூளையில் வைத்து உலர்த்தி, சிறு சிறு பொடிக்கற்களாக உடைத்த ஒருவகைக் களிமண்.

இந்தக் களிமண் நமக்குப் புதிது அல்ல. அக்காவும் அத்தையும் முகத்துக்குப் பூசிக்கொள்வார்களே முல்தானி மிட்டி, அதே இனம்தான்! இன்று பாகிஸ்தானில் இருக்கும் முல்தான் என்ற ஊரின் பெயரால் அது நம் நாட்டில் வழங்குகிறது. முகத்தில் வழியும் எண்ணெய்ப் பசையை அது எப்படி இழுக்கிறதோ, அப்படியே எந்திரத்தின் எண்ணெயையும் இழுக்கும்.

துணி வியாபாரத்துக்குப் பெயர் போன பர்கூர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. ஐரோப்பாவில் இந்த மண்ணுக்கு வந்த பெயரே துணியால்தான். ஆட்டு ரோமத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருக்கும். அதைப் போக்கினால்தான் நல்ல கம்பளித் துணி கிடைக்கும். பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே, அங்கு கம்பளியை வெளுக்கும் தொழிலாளிகள் இந்த மண்ணைத் தண்ணீரில் குழைத்து, துணியோடு சேர்த்து மிதித்து வெளுத்தனர். அதனால், வெளுப்பவர் மண் என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்துவிட்டனர்.

எட் லோவிடம் இந்த மண் மூட்டை மூட்டையாக இருந்தது. தொழிற்சாலைக்கு மட்டும் விற்றால் போதாதே! வேறு எதற்கு இதை விற்கலாம் என்று யோசித்தார். கோழிப்பண்ணைக்காரர்களிடம் போனார். கோழி முட்டையிடும் கூட்டில் இந்த மண்ணைப் பரப்பலாம். ஈரமே தங்காது என்று எடுத்துச் சொன்னார். அவர்கள் அதில் அக்கறை காட்டவில்லை. வைக்கோல் இருக்கும்போது மண் எதற்கு என்பது அவர்கள் எண்ணம். எட் லோவின் முதல் முயற்சி தோற்றுப் போனது.

அடுத்து வந்தது 1947ம் ஆண்டு. நம் நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டு. ஜனவரி மாதம். மிச்சிகனில் அப்போது கடும் குளிர். எங்கு பார்த்தாலும் பனி. எட் லோவின் பக்கத்தில் குடியிருந்த கே டிரேப்பர் என்ற பெண்மணி, கொஞ்சம் மணல் கிடைக்குமா என்று கேட்டு வந்தார். அவர் ஒரு பூனை வளர்த்தார். பனிக்காலத்தில் பூனை வெளியே போக முடியாது அல்லவா? அதனால், வீட்டுக்குள் ஒரு பெட்டியில் மணல் கொட்டி வைப்பது வழக்கம். அந்தக் குளிரில் அவருடைய மணல் குவியலே உறைந்து கல்லாகிவிட்டது. அடுப்புச் சாம்பலைக் கொட்டிப் பார்த்தார். அது இன்னும் தொல்லை! பூனை சாம்பலை மிதித்துவிட்டு வீடு முழுக்க நடந்தது. எங்கு பார்த்தாலும் கறுப்புக் கறுப்பாகக் காலடித் தடம்!

எட் லோவுக்குச் சட்டென்று தன் களிமண் ஞாபகம் வந்தது. ஆயிலை உறிஞ்சும் மண், பூனையின் சிறுநீரை உறிஞ்சாதா? மணலுக்குப் பதிலாக இதைப் போட்டுப் பாருங்கள் என்று கொஞ்சம் கொடுத்து அனுப்பினார்.

சில நாட்களில் அந்தப் பெண்மணி மறுபடியும் வந்தார். இந்த முறை அவருக்கு மணல் வேண்டாம். அந்த மண்தான் வேண்டுமாம். காலில் ஒட்டவில்லை. ஈரம் தங்கவில்லை. முக்கியமாக, நாற்றம் அடங்கியது. அவரிடம் கேட்டு, அவருடைய தோழிகளும் அந்த மண்ணையே விரும்பினர்.

வேறொருவராக இருந்தால், பக்கத்து வீட்டுக்கு ஓர் உதவி செய்தோம் என்று அதோடு மறந்திருப்பார். எட் லோ மறக்கவில்லை. ஒரு வீட்டில் இருக்கும் சங்கடம், ஊரெல்லாம் இருக்குமே என்று நினைத்தார். பத்து பழுப்புக் காகிதப் பைகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் 5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ இரண்டேகால் கிலோ மண்ணை நிரப்பினார். பையின் மேல் தன் கையாலேயே கிட்டி லிட்டர் என்று எழுதினார். அந்த ஊர் மொழியில் கிட்டி என்றால் செல்லமாகப் பூனைக்குட்டி. லிட்டர் என்றால், பிராணிகளுக்குக் கீழே பரப்பும் வைக்கோல், மரத்தூள் போன்ற பொருள். பாலை அளக்கும் லிட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!

பைகளைத் தூக்கிக்கொண்டு செல்லப்பிராணிகளுக்கான பொருள் விற்கும் கடைக்குப் போனார். ஒரு பை 65 சென்ட் என்றார். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. மணல் கிட்டத்தட்ட சும்மாவே கிடைக்கும்போது, மண்ணுக்குப் போய் யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்டார். எட் லோ கோபப்படவில்லை. அப்படியானால் இந்தப் பைகளை இலவசமாகவே கொடுத்து விடுங்கள் என்று சொல்லி, வைத்துவிட்டு வந்தார்.

இலவசமாக வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்தனர். இந்த முறை கையில் காசோடு!

வியாபாரம் நடக்கும் என்று தெரிந்துவிட்டது. ஆனால், ஒரு சின்ன ஊர்க் கடையில் பத்து பை விற்றால் போதுமா? எட் லோ தன் பழைய காரில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். கடை கடையாக ஏறி இறங்கினார். பூனைக் கண்காட்சி எங்கே நடந்தாலும் போனார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள் குட்டீஸ். பூனைக் கண்காட்சிக்கு நூற்றுக்கணக்கான பூனைகள் வரும். ஒவ்வொன்றின் கூண்டிலும் ஒரு கழிவுத் தட்டு. நாள் முழுக்க அத்தனை பூனைகளும் ஒரே கூடத்தில் இருந்தால் நாற்றம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தட்டுகளைச் சுத்தம் செய்ய யாருக்குத்தான் மனம் வரும்? எட் லோ முன்வந்தார். கண்காட்சியில் தனக்கு ஒரு கடை போட இடம் கொடுத்தால், அத்தனை தட்டுகளையும் தானே சுத்தம் செய்வதாகச் சொன்னார். சொன்னபடியே செய்தார். நூற்றுக்கணக்கான தட்டுகளைத் தன் கையால் அள்ளிக் கொட்டி, தன் மண்ணை நிரப்பி வைத்தார். கண்காட்சிக்கு வந்தவர்கள் நாற்றம் குறைந்ததை மூக்காலேயே தெரிந்துகொண்டனர். அதற்கு மேல் விளம்பரம் எதற்கு?

1901ல் கல்கத்தாவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில், கழிவறைகள் அசுத்தமாகக் கிடந்ததைக் கண்ட காந்திஜி, தானே துடைப்பத்தை எடுத்துச் சுத்தம் செய்தார். அவர் செய்தது தொண்டு. எட் லோ செய்தது வியாபாரம். இரண்டும் ஒன்றல்ல. ஆனால், அடுத்தவர் முகம் சுளிக்கும் வேலையைக் கூசாமல் செய்தவர்கள் என்ற வகையில், இருவரிடமும் நாம் கற்றுக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது.

அந்த மண்ணில் அப்படி என்னதான் இருக்கிறது?

பூனையின் முன்னோர் வறண்ட பாலை நிலத்தில் வாழ்ந்த காட்டுப் பூனைகள். தண்ணீர் அரிதாகக் கிடைக்கும் இடம் என்பதால், உடம்பில் உள்ள நீரை அவை வீணாக்குவதில்லை. ஆகவே, பூனையின் சிறுநீர் மிகவும் கெட்டியானது, நெடி அதிகம். அதில் யூரியா என்ற வேதிப்பொருள் உண்டு. பாக்டீரியாக்கள் அந்த யூரியாவைச் சிதைக்கும்போது அம்மோனியா வாயு உண்டாகும். கழுவாத பொதுக் கழிப்பறையில் மூக்கைத் துளைத்து, கண்ணில் நீர் வரவைக்கும் வாயு அதுதான்.

மணலில் சிறுநீர் பட்டால், மணிகளுக்கு இடையே வழிந்து அடியில் தேங்கி நிற்கும். மணல்மணி அதை உள்ளே இழுக்காது. களிமண் துணுக்கு அப்படி இல்லை. பரோட்டா போல அதன் உள்ளே அடுக்கு அடுக்காக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற துளைகளும் உண்டு. சூளையில் வைத்து உலர்த்தும்போது, அவற்றில் இருந்த ஈரமெல்லாம் வெளியேறிவிடும். காய்ந்த ஸ்பாஞ்ச் போல அது தாகத்தோடு காத்திருக்கும். சிறுநீர் பட்டதும் உறிஞ்சிக்கொள்ளும். அம்மோனியாவின் ஒரு பகுதியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எட் லோ அத்தோடு திருப்தி அடைந்து உட்கார்ந்துவிடவில்லை. எந்த மண் பூனைக்குப் பிடிக்கிறது, எது தூசு கிளப்புகிறது, எது நாற்றத்தை நன்றாக அடக்குகிறது என்று சோதிக்க, நூற்றுக்கும் மேற்பட்ட பூனைகளை வைத்து ஓர் ஆய்வுக்கூடமே நடத்தினார். பூனைகள்தான் அங்கு நீதிபதிகள்! 1964ல், டைடி கேட் என்ற பெயரில் மளிகைக் கடைகளில் விற்பதற்காக இன்னொரு வகையைக் கொண்டுவந்தார். அரிசி, பருப்பு வாங்கும்போதே பூனைக்கு மண்ணும் வாங்கும் பழக்கம் அமெரிக்காவில் வந்துவிட்டது.

இதனால் பூனைகளின் வாழ்க்கையே மாறியது. அதுவரை இரவானால் பூனையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவது அங்கு பல வீடுகளில் வழக்கம். வண்டியில் அடிபடும், நாய் கடிக்கும், குளிரில் விறைக்கும். நாற்றம் இல்லை என்றானதும், பூனை வீட்டுக்குள்ளேயே தூங்கத் தொடங்கியது. மாடி வீடுகளிலும் பூனை வளர்க்க முடிந்தது.

1980களில், தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியல் வல்லுநர், பென்டோனைட் என்ற இன்னொரு வகைக் களிமண்ணைப் பயன்படுத்தினார். ஈரம் பட்டால் அது உப்பி, உருண்டையாகக் கெட்டிப்பட்டுவிடும். அந்த உருண்டையை மட்டும் கரண்டியால் அள்ளினால் போதும். இன்று கடைகளில் அதிகம் கிடைப்பது இந்த வகைதான். பென்டோனைட் நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியிலும், ராஜஸ்தானிலும் வெட்டி எடுக்கப்படுகிறது.

1990ல் எட் லோ தன் நிறுவனத்தை விற்றார். கிடைத்த விலை சுமார் 20 கோடி டாலர்! ஒரு பை 65 சென்ட்டுக்கு யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர் சிரித்தாரே, அதே மண்!

பணம் வந்ததும் அவர் பழசை மறக்கவில்லை. தன்னைப் போலச் சிறிதாகத் தொழில் தொடங்குபவர்கள் தடுமாறக் கூடாது என்று நினைத்தார். 1985லேயே, மனைவி டார்லீனுடன் சேர்ந்து ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார். தொழில்முனைவோருக்கு வழிகாட்டும் அந்த அறக்கட்டளை, கசோபொலிஸ் அருகே இன்றும் செயல்படுகிறது. 1995ம் ஆண்டு அக்டோபர் 4ம் தேதி, புளோரிடா மாநிலத்தில் தன் 75ம் வயதில் எட் லோ மறைந்தார்.

கதை இதோடு முடிந்துவிட்டதா? இல்லை. எட் லோ மண்ணைத்தான் கொடுத்தார். அந்தத் தட்டைத் தினமும் யார் சுத்தம் செய்வது?

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூடிப் பேசிய கதை நமக்குத் தெரியும். பூனை வளர்க்கும் வீடுகளிலும் அதே கதைதான். கொஞ்சுவதற்கு எல்லாரும் வருவார்கள். தட்டை எடுக்கச் சொன்னால், அண்ணன் தங்கையைக் காட்டுவான். தங்கை பாட்டியைக் காட்டுவாள். இரண்டு நாள் அப்படியே கிடக்கும். பூனைக்கு மோப்பசக்தி நம்மைவிடப் பல மடங்கு அதிகம். நமக்கே நாறும் தட்டு, அதற்கு எப்படி இருக்கும்? முகர்ந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடும். சோபாவில் போகும்; துணிமூட்டையில் போகும். வீட்டில் உள்ளவர்களுக்குக் கோபம் வரும். பூனைக்கு அடி விழும். கடைசியில் ஒருநாள், சாக்குப்பையில் போட்டுக் கட்டி, ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பாலும் சோறும் தேடி வந்து கொடுத்த வீட்டைத் தவிர வேறு எதையும் அறியாத பூனை, அங்கு என்ன செய்யும்? தப்பு அதனுடையதா? தட்டைச் சுத்தம் செய்யாதவர்களுடையதா? நீங்களே சொல்லுங்கள்.

நம் ஆரோக்கியத்துக்கும் இதில் பங்கு உண்டு. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, பூனையின் கழிவில் சில நேரம் இருக்கும். எலியையோ பச்சை இறைச்சியையோ தின்ற பூனைக்கு இது தொற்றலாம். பூனையிலிருந்து இது பரவும் விதம், 1970ம் ஆண்டில்தான் விஞ்ஞானிகளுக்குத் தெளிவானது. பெரும்பாலோருக்கு இதனால் பெரிய தொல்லை வருவதில்லை. ஆனால், கர்ப்பிணிகளின் வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். பயப்பட வேண்டாம்; நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. கழிவில் வெளிவந்த உடனே இந்த ஒட்டுண்ணியால் யாருக்கும் தொற்ற முடியாது. அதற்குக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். ஐந்து நாள் வரைகூட ஆகலாம். தினமும் தட்டைச் சுத்தம் செய்துவிட்டால், அது நம்மைத் தொடுவதற்குள் நாம் முந்திக்கொள்ளலாம்!

எப்படிச் செய்வது? இதோ...

* பூனை தாராளமாகத் திரும்பி நிற்கும் அளவுக்கு அகலமான பிளாஸ்டிக் தட்டு அல்லது பழைய டப் போதும். குட்டிப் பூனை என்றால் விளிம்பு உயரமாக இருக்கக் கூடாது.

* கடையில் விற்கும் களிமண்ணோ, சுத்தமான மணலோ, மரத்தூளோ, தேங்காய் நார்த்தூளோ இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். அக்காவின் முல்தானி மிட்டிப் பொடியை எடுத்துக் கொட்டிவிடாதீர்கள்! அது மாவு போன்றது. பூனையின் மூக்கில் ஏறும். ஈரம் பட்டால் சேறாகிவிடும்.

* பூனையின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சாப்பிடும் இடத்தில் கழிவறை இருந்தால் நமக்குப் பிடிக்குமா? ஆள் நடமாட்டம் குறைந்த, அமைதியான மூலையே சிறந்தது.

* காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, அதற்கென்று வைத்த கரண்டியால் கழிவையும் ஈர மண்ணையும் அள்ளி, பழைய செய்தித்தாளில் மடித்துக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். சாக்கடையிலோ கழிவறையிலோ கொட்டினால் களிமண் அடைத்துக்கொள்ளும். கீரைப் பாத்தியில் போடவே கூடாது.

* வாரம் ஒரு முறை, முழுவதையும் கொட்டிவிட்டு, தட்டைச் சோப்பும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துப் புது மண் போடுங்கள்.

* பினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள். அந்த வகை மருந்துகள் பூனைக்கு விஷம். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சுத்திணற வைக்கும் வாயு உண்டாகும்.

* வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தெருமணலில் விளையாடிவிட்டு வந்தாலும் இதே விதிதான். அந்த மணலில் நமக்கு முன்னால் யார் வந்து போனார் என்று உங்களுக்குத்தான் தெரியுமே!

* வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களை இந்த வேலை செய்ய விடாதீர்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நீங்கள் முறை போட்டுச் செய்யலாம்.

* இரண்டு பூனை இருந்தால் மூன்று தட்டு வையுங்கள். ஒன்றின் தட்டை இன்னொன்று விரும்பாது.

* ஒழுங்காகத் தட்டில் போய்க்கொண்டிருந்த பூனை, தட்டு சுத்தமாக இருந்தும் திடீரென்று வெளியே போகத் தொடங்கினாலோ, தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தாலோ, அதற்கு உடம்பு சரியில்லை என்று பொருள். திட்டாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

களிமண்ணிலும் ஒரு குறை இருக்கிறது. அதைப் பூமியைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். பயன்படுத்திய பிறகு மக்காது, குப்பைமேட்டிலேயே கிடக்கும். அதனால்தான், மக்கக்கூடிய மரத்தூள், தேங்காய் நார்த்தூள், காகிதத் துணுக்குகள் என்று இப்போது பலரும் மாற்றுப் பொருள்களைப் பயன்படுத்துகின்றனர். தென்னையும் மரம் அறுக்கும் மில்லும் உள்ள நம் பகுதியில் இவற்றுக்குப் பஞ்சமா என்ன? மரத்தூள் விற்ற வீட்டுப் பிள்ளைதான் களிமண்ணுக்கு மாறினார். இன்று உலகம் மறுபடியும் மரத்தூளைத் திரும்பிப் பார்க்கிறது! இதைவிட நல்லதாக ஒன்றை உங்களில் யாராவது ஒருவர்கூடக் கண்டுபிடிக்கலாம்.

மண் எல்லாருடைய காலடியிலும்தான் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் சங்கடத்தைக் காதுகொடுத்துக் கேட்டவர் எட் லோ. நூற்றுக்கணக்கான தட்டுகளை முகம் சுளிக்காமல் கழுவியவரும் அவரே. அதனால்தான் அந்த மண் அவர் கையில் பொன்னானது.

நாம் கழுவ வேண்டியதோ ஒரே ஒரு தட்டு. ஐந்து நிமிட வேலை. நம்மை நம்பி வீட்டுக்குள் வந்த அந்த ஜீவனுக்காக, இன்று மாலை அதைச் செய்வோமா குட்டீஸ்?